தலை நிற்காத பித்தளை லென்ஸ்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு பழைய மேசை லென்ஸ் கிடக்கிறதாம், எட்டாயிரம் சொல்கிறார்களாம், "வாங்கலாமாண்ணே?" என்று நண்பன் போட்டோ அனுப்பிக் கேட்டிருக்கிறான். நான் வைத்திருப்பதும் அதே ஜாதிதான். கனமான வட்டப் பாதம், பித்தளைத் தண்டு, நுனியில் மடங்கும் மூட்டு, நாலு அங்குலக் கண்ணாடி. வர்ணனை போதும், அந்த மூட்டுக்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எனக்குப் பத்திரம் எழுதும் தொழில். லிங்க்ஸ் என்னும் பழைய நில அளவைக் கணக்கில் அளவு போட்ட பழைய புல வரைபடத்தை விரித்து, அது 3-ஆ 8-ஆ என்று உற்றுப் பார்க்கும்போதுதான், இரவு வாட்ச்மேன் தூங்கி விழுவதுபோல லென்ஸ் மெதுவாகத் தலையைக் கவிழ்க்கும். திருகை முறுக்கினால் கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் பழைய கதைதான். வாசர் போட்டாயிற்று, சிகரெட் அட்டையை மடித்துச் சொருகியும் பார்த்தாயிற்று. எதிரே கட்சிக்காரர் உட்கார்ந்திருக்க, ஒரு கையால் லென்ஸைத் தாங்கிக்கொண்டு மறுகையால் எழுத வேண்டுமென்றால் ஸ்டாண்டு எதற்கு? மரை கழன்றது திருகுக்கா உங்களுக்கா என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

போன மாதம் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். மாஸ்டர் கழற்றிப் பார்த்த உடனே, "இது பி.ஏ. மரை சார், இதுல யாரோ எம்5-ஐ அடிச்சு ஏத்திருக்காங்க" என்றார். பி.ஏ. என்றால் பிரிட்டிஷ் அசோசியேஷன் அளவு. பழைய பிரிட்டிஷ் கருவிகளில் வரும் 2 பி.ஏ. திருகு 4.7 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 0.81. நம் கடைகளில் கிடைக்கும் எம்5 திருகு 5 மி.மீ., இடைவெளி 0.8. இடைவெளி கிட்டத்தட்ட ஒன்று என்பதால், பலம் கொடுத்தால் பித்தளையை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஆனால் மரையின் கோணம் அங்கே 47½ டிகிரி, இங்கே 60. எப்படிப் பிடிக்கும்? மாஸ்டர் துளையைப் பெரிதாக்கி, அதற்குள் புஷ் என்னும் உள்வளையம் அடித்து, புதுத் திருகு கடைந்து கொடுத்தார். இப்போது நிற்கிறது. நிற்பதோடு, சாய்க்க நினைத்தாலும் அசைய மாட்டேன் என்கிறது.

கண்ணாடியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். விளிம்போரம் கடுகளவு ஒரு குமிழ், அவ்வளவுதான். கோடுகள் ஓரத்தில் வளையும், நடுவில் சுத்தம். இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். ஒரு பெரியவர் தன் தாத்தாவின் கையெழுத்தைப் பார்க்கக் குனிந்தபோது நானும் கூடவே குனிந்து அதே எழுத்தைப் பார்த்தேன். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கும் லென்ஸில் இது நடக்காது.

விற்பவர்கள் "பத்து மடங்கு" என்பார்கள். நம்ப வேண்டாம். பத்து மடங்குக்குக் குவியத் தூரம், அதாவது தூரத்துப் பொருளின் பிம்பம் தெளிவாக விழும் தூரம், 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 10 செ.மீ. விட்டத்தில் சாதாரணக் கண்ணாடியின் முழு உருண்டையையே வைத்தாலும் அதன் நடுவிலிருந்து குவியம் 7 செ.மீ.க்குக் குறையாது. ஜன்னலின் பிம்பத்தைச் சுவரில் விழவைத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். என்னுடையது 20 செ.மீ. காட்டுகிறது, அதாவது இரண்டு மடங்கு சொச்சம். வேலைக்கு அது போதும்.

அப்புறம், "விக்டோரியா காலத்து லண்டன் சரக்கு" என்று சொல்லும் உருப்படியில் நட்சத்திரத் தலைத் திருகு இருந்தால் கிளம்பிவிடலாம். பிலிப்ஸ் திருகுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1936-இல். பித்தளைச் சாமானுக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் செய்து, அமிலத்தில் கறுப்பேற்றி வருவது ஏராளம். செய்நேர்த்தி மோசமில்லை, வயதுதான் பொய்.

ஆயுத பூஜைக்கு அத்தை இதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளப்பு போய்ப் பழுப்பு தானாகத் திரும்பிவிட்டது. விளிம்பு வளையத்துக்குள் இறங்கிய புளித்தண்ணீர்தான் பச்சைக் களிம்பாகி இன்னும் எட்டிப் பார்க்கிறது. வெயில் படும் மேசையென்றால் துணி போட்டு மூடி வையுங்கள், காகிதம் பற்றிக்கொள்ளும்.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. அந்தக் காசுக்கு விளக்கு வைத்த புது லென்ஸ் வாங்கி நிம்மதியாக இரு.

நான் போன வாரம் இரண்டாவது ஒன்றை வாங்கிவிட்டேன். மூன்று அங்குலம், திருகுக்குப் பதில் பந்து மூட்டு, வைத்த இடத்தில் நிற்கிறது. பாதத்துக்கு அடியில் ஒட்டியிருந்த பச்சைக் கம்பளித் துணியை மட்டும் எலி தின்றிருக்கிறது. உள்ளங்கையளவு துணிக்காக விளையாட்டுச் சாமான் கடைகளில் ஏறி இறங்குகிறேன். ஸ்னூக்கர் மேசையில் விரிப்பதும் இந்த மாதிரித் துணிதானாம், கிளப்பில் கேளுங்கள் என்கிறார்கள்.