கழிவா, பிடித்தமா, தள்ளுபடியா?

பத்தில் மூன்றைக் கழித்தால் ஏழு. பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு சொல்லை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். சம்பளச் சீட்டையும் வருமான வரிக் கணக்கையும் கையில் எடுத்தால்தான் கழிவு, பிடித்தம், விலக்கு, தள்ளுபடி என்று நாலு சொல் வந்து நிற்கும். எல்லாம் குறைப்பதுதானே என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் கணக்கே மாறிவிடும்.

கழிவு தாளில் நடக்கிற வேலை. 2024 ஜூலை பட்ஜெட்டுக்குப் பின் புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய். பழைய முறையில் 50,000. அந்தப் பணம் உங்களிடமே இருக்கும். அதை விட்டுவிட்டு மீதிக்கு வரி போடுவார்கள். பிடித்தத்தில் பணமே கைக்கு வராது. பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி, சம்பளம் தரும்போதே பிடிக்கும் வரியான டி.டி.எஸ்., அலுவலகத்தில் வாங்கிய முன்பணம் எல்லாம் இந்த வகை. ஆனால் பிடித்தது வேறொருவர் கையில் இருக்கிறது என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பி.எஃப். வட்டியோடு திரும்பும். கூடுதலாகப் பிடித்த வரியைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். நாலில் எனக்குப் பிடித்த சொல்லும் பிடித்தம்தான்.

அதிகம் குழப்புவது விலக்கும் தள்ளுபடியும். விலக்கு பெற்ற வருமானத்துக்கு வரி என்ற பேச்சே இல்லை, பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டி அப்படித்தான். தள்ளுபடியோ கடைசியில் வருவது. வரியைப் போட்டுப் பார்த்து, அப்புறம் ‘பரவாயில்லை, கட்ட வேண்டாம்’ என்பது. 12 லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்ததும் பலர் அதை விலக்கு என்றே எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் புதிய முறையில் விலக்கு வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் 12 லட்சம் வரை வருவது தள்ளுபடி. அதனால்தான் தள்ளுபடி கிடைக்காத 15 லட்சம் வருமானக்காரருக்கு 4 லட்சத்தைத் தாண்டியதிலிருந்தே வரி விழுகிறது. பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்கும் இந்தத் தள்ளுபடி கிடையாது.

தள்ளுபடிக்கு வேறு முகங்களும் உண்டு. கடன் தள்ளுபடி என்றால் ஊரே கொண்டாடும், மனு தள்ளுபடி என்றால் வழக்குப் போட்டவர் முகம் தொங்கிவிடும்.

குறைப்பும் நீக்கமும் இவ்வளவு சிக்கல் இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னால் கொஞ்சம் போடலாம், நீக்கச் சொன்னால் சுத்தமாகக் கூடாது. வேலை விஷயத்தில்தான் இரண்டும் உறுத்தும். ஆட்குறைப்பு என்ற அறிவிப்பில் எண்ணிக்கை மட்டும் இருக்கும். பணிநீக்க ஆணையில் ஆளின் பெயரே இருக்கும். அரசு ஊழியருக்கு நடுவில் பணியிடை நீக்கம் என்று ஒன்று உண்டு. வேலை பார்க்க முடியாது, ஆனால் வேலை போகவில்லை. விசாரணை முடியும்வரை பிழைப்பூதியம் என்று சம்பளத்தில் ஒரு பகுதி வரும். அதிலும் சில பிடித்தங்கள் உண்டு.