ப்ரூவானா, கில்பேரா?

பிரெஞ்சில் 'ஷான்சோன்' என்றால் வெறும் பாட்டுதான். தாலாட்டும் அதில் சேர்த்தி. பிரான்சுக்கு வெளியேதான் அது வரிகளுக்கு முதலிடம் தரும் ஒரு பாணியின் பெயராக ஒட்டிக்கொண்டது. சரி, அந்தப் பாணியில் பழைய காபரே (குடித்தபடி பாட்டுக் கேட்கும் விடுதி) பாட்டை யாரிடமிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பாடகர் அரிஸ்தீட் ப்ரூவான் 1885இல் பாரிஸின் மோன்மார்த்ரில் 'ல மிர்லித்தோன்' என்ற காபரேயைத் திறந்தார். கறுப்பு மேலங்கி, கழுத்தில் சிவப்புத் துணி, நீண்ட பூட்ஸ். காசு கொடுத்து வருகிறவர்களையே வாய்க்கு வந்தபடி திட்டுவார்; அதைக் கேட்கவே கூட்டம் வந்தது! பாட்டெல்லாம் தெருக்கொச்சை. பிரெஞ்சு படித்தவர்களுக்கே பாதி புரியாது.

பாடகி இவெத் கில்பேர் வேறு ரகம். பெரிய குரல் இல்லை. பாதி பாட்டு, பாதி பேச்சு. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். முழங்கைக்கு மேல் ஏறும் கறுப்புக் கையுறைதான் அடையாளம். ஓவியர் துலூஸ்-லோத்ரெக் இருவரையுமே வரைந்தவர். 1894இல் வந்த அவரது கில்பேர் படத் தொகுப்பின் அட்டையில் ஆளைக் காணோம், கையுறைதான் இருக்கிறது.

என் ஓட்டு கில்பேருக்கு. காது பழகியதும் ப்ரூவானிடம் போய்த் திட்டு வாங்கலாம்.