நடிக்கக் கற்றுக்கொள்ளப் போய் வவுச்சரில் கையெழுத்துப் போட்ட கதை

சென்னையில் வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம் பக்கம் நடிப்புப் பயிற்சிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். அதிலும், "சினிமாவெல்லாம் வேண்டாம், நாடகம் கற்றுக்கொண்டு ஊரில் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் சொல்லித்தர வேண்டும்" என்று வருகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். என்னை ஏமாற்றியவர்களுக்குப் பிடித்தமான ஆட்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

இடத்தின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன், அது முடியும்வரை வாயை மூடிக்கொண்டிரு என்று தம்பி சொல்லியிருக்கிறான். முழுசாக மூட முடியவில்லை, அதனால் பாதி.

எனக்குத் திண்டிவனம் பக்கம். 2021 அக்டோபரில் மரக்காணம் ஒன்றியத்தில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊர் ஊராகக் கலைக்குழுக்கள் வந்தன. பறை அடித்து, பாட்டுப் பாடி, கால் மணி நேரத்தில் ஒரு நாடகம் போட்டுவிட்டுப் போனார்கள். மறுவாரமே தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். மாதம் 1,000 ரூபாய், மாலையில் இருபது பிள்ளைகள். வாய்ப்பாட்டைக்கூட நாடகமாகப் போட்டால்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பிடித்தது. எனக்கும்தான். என் தாய்மாமா 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் வீதி நாடகம் நடித்தவர், அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். முறையாகக் கற்றுக்கொண்டால் இதையே வேலையாகச் செய்யலாமே என்று தோன்றியது.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. சமூகக் கலைப் பயிற்றுநர் டிப்ளமோ, ஆறு மாதம், 48,000 ரூபாய், மூன்று தவணை. குரல், உடல், அரங்க விளையாட்டு, தெருக்கூத்து. கீழே பெரிய எழுத்தில் "அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்". நேரில் போனேன். மாடியில் ஒரு ஹால், சிவப்புக் கம்பளம், சுவரெல்லாம் போட்டோ. ஒவ்வொரு போட்டோவிலும் அந்த இடத்தை நடத்துகிற சார், யாராவது ஒரு நடிகர் பக்கத்தில் நிற்கிறார். தான் கூத்துப்பட்டறை நாடகக் குழு ஆள் என்றார். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய இடம், பசுபதியிலிருந்து குரு சோமசுந்தரம் வரை அங்கிருந்து வந்தவர்கள் என்றால் யாருக்குத்தான் மரியாதை வராது? எந்த வருடம் அங்கே இருந்தீர்கள், எந்த நாடகத்தில் நடித்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பட்டறை வாசலில் டீ குடித்தவரும் பட்டறை ஆள்தான் என்று பிறகு ஒரு நண்பர் சிரித்தார்.

அந்த இடம் ஒரு அறக்கட்டளையின் பெயரில் நடக்கிறது, பணத்தை அதன் கணக்கில் போடுகிறேன் என்றேன். "அதுல போட்டா ஜிஎஸ்டி வரும்மா, உனக்குத்தான் நஷ்டம்" என்று மனைவியின் ஜிபே நம்பரைக் கொடுத்தார். ரசீது கேட்டதற்கு, "ஜிபேல வர்றதே ரசீதுதானே". இந்த இடத்திலேயே நான் கீழே இறங்கிப் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போனது, பொய் சொல்லக் கூடாது. கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, எதிராளியைக் கண்ணாடி மாதிரி பின்பற்றுவது, வட்டமாக நின்று பெயரை வீசிப் பிடிப்பது. பதினான்கு பேர் இருந்தோம். ஆரணியிலிருந்து ஒரு பெண், ஐடியை விட்டுவிட்டு வந்த ஒரு பையன், ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். மூன்றாவது வாரத்திலிருந்து வகுப்பு சுருங்கியது. பதிலுக்குக் "களப்பணி" வந்தது. காலை ஆறு மணிக்கு வேனில் ஏறி ஏதாவது கம்பெனி வாசலிலோ பள்ளிக்கூடத்திலோ பிளாஸ்டிக் ஒழிப்பு நாடகம் போட வேண்டும். அதுதான் பயிற்சி என்றார்கள். நான் பிளாஸ்டிக் அரக்கி. தலையில் பால் கவரைக் கோத்த கிரீடம், இடுப்பில் ஷாம்பு பாக்கெட் சரம். கிரீடத்தைச் செய்ததும் நாங்கள்தான், கவரைக் கழுவியதும் நாங்கள்தான். களப்பணியின் முதல் நாள் போட்ட அதே நாடகம், அதே வசனம், கடைசிவரை. ஒருநாள் கூட உட்கார வைத்து, "இந்த இடத்தில் உன் குரல் ஏன் போகவில்லை" என்று யாரும் பேசியதில்லை.

யாராவது முகம் சுளித்தால் சாரிடம் ஒரு கதை தயாராக இருக்கும். "விஜய் சேதுபதியே பட்டறையில கணக்கு எழுதிக்கிட்டேதான் நடிப்பைக் கத்துக்கிட்டார்." உண்மைதான், அவர் அங்கே கணக்காளராக வேலை பார்த்தவர். வேலை பார்த்தவர், நம்மைப் போல 48,000 கட்டியவர் இல்லை என்பது வேனில் தூங்கி விழும்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. வெயிலில் நாடகம் முடிந்து நான் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கம்பெனியின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) பிரிவில் வேலை செய்கிற ஒரு மேடம் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சுவாக்கில், "பேமெண்ட் எல்லாம் கரெக்டா வருதாம்மா? போன தடவை லேட்டாயிடுச்சுன்னு உங்க சார் சொன்னார்" என்றார்.

"என்ன பேமெண்ட் மேடம்?"

"ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஒரு ஷோவுக்கு ஆயிரத்தைந்நூறு. ஆறு பேர்."

மோர் தொண்டையில் நின்றுவிட்டது.

இதில் கம்பெனிக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலே உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும். வீதி நாடகத்துக்கு அந்தப் பணம் வருவது நல்லதுதான், எத்தனையோ நேர்மையான குழுக்கள் அதில் அடுப்பெரிக்கின்றன. அந்தப் பணம் கலைஞர் கைக்கு வந்ததா என்று பார்க்கக் கம்பெனிக்கு வழி, கலைஞர் கையெழுத்துப் போட்ட வவுச்சர். அந்தக் கையெழுத்தை நாங்கள் ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தோம்.

மாதக் கடைசியில் ஆபீஸ் அக்கா ஒரு கட்டுத் தாளோடு வருவார். "வருகைப் பதிவும்மா, சைன் பண்ணிடுங்க." மேலே அறக்கட்டளையின் பெயர், நடுவில் தொகை எழுத வேண்டிய கோடு காலி, கீழே ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். ஸ்டாம்பின் மேல் பாதி, தாளில் பாதியாகக் கையெழுத்து விழ வேண்டும் என்று விரலால் காட்டுவார். வருகைப் பதிவுக்கு எதற்கு ஸ்டாம்ப் என்று பதினான்கு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் நான்கு தாளில் போட்டிருக்கிறேன். ஒன்றை, எழுத்து நன்றாக இருக்கிறதே என்ற அற்ப சந்தோஷத்தில், போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். பின்னால் அதுதான் உதவியது.

அம்பத்தூரிலிருந்து வந்த அன்றிரவு அந்தப் படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் திண்டிவனத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். ஐந்து நிமிடத்தில் போன். "அக்கா, இது வருகைப் பதிவு இல்ல, பணம் வாங்கின ரசீது. தொகை காலியா இருந்தாலும் ஐயாயிரத்துக்கு மேலன்னு சொல்லிடலாம். அதுக்கு மேல போனாத்தான் ஸ்டாம்ப் ஒட்டணும்." பதினேழு ஷோவில் நடித்திருந்தேன். 25,500 ரூபாய் வருகிறது. காகிதத்தின்படி நான் அதை வாங்கிவிட்டேன்.

மறுநாள் சாரிடம் கேட்டேன். கத்தவில்லை, மறுக்கவுமில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, ரொம்ப வருத்தப்பட்ட முகத்தோடு, "கலைக்கு வந்துட்டுக் காசு பேசறியாம்மா?" என்றார். அப்புறம் அறிவொளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் யார் காசு வாங்கினார்கள், மக்களுக்காக நடித்தார்கள். ஒரு நிமிடம் எனக்கே வெட்கமாகிவிட்டது. இந்த ஆள் நல்ல நடிகர் என்று நான் ஒத்துக்கொள்கிற ஒரே நேரம் அதுதான். அன்று மாலை மாமாவுக்குப் போன் போட்டேன். "பஸ் காசும் சாப்பாடும்தாம்மா கிடைச்சுது. ஆனா வாங்காத காசுக்கு யாரும் எங்கக்கிட்ட கையெழுத்துக் கேக்கலையே" என்றார்.

தெருக்கூத்து வாத்தியார் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், எழுபதை நெருங்கியவர். ஆறு மாதத்தில் வகுப்பு என்று சொல்லத் தகுந்தது அந்த ஒரு நாள்தான். சலங்கையைக் கொடுக்கவில்லை, குனிந்து அவரே ஒவ்வொருவர் காலிலும் துணியைச் சுற்றி அதன் மேல் கட்டிவிட்டார். வேண்டாம் ஐயா என்று பதறினோம். "இதை எப்படிக் கட்டணும்னு தெரியலன்னா ராத்திரி பூரா ஆட முடியாது, கால் கிழிஞ்சிடும்" என்றார். நான் அடவு போடப் போட, கட்டையால் தரையைத் தட்டி, "காத்துல வைக்காத தாயி, மண்ணுல வை" என்றார். ஒரு மணி நேரம் கழித்து என் கால் சத்தம் எனக்கே வேறு மாதிரி கேட்டது. மாலையில் சார் அவருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார். பத்து நாள் கழித்து வாத்தியார் எனக்குப் போன் செய்தார். "சார் போனை எடுக்க மாட்டேங்குறாரு தாயி. பஸ் காசாவது தரேன்னாரு." அவரும் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஸ்டாம்ப் இருந்ததா ஐயா என்று கேட்டேன். "இருந்துச்சு தாயி, செவப்பா."

சான்றிதழ் விஷயம் சின்னதுதான். "அரசு அங்கீகாரம்" என்று அச்சடித்து அதன் கீழே போட்டிருந்த எண், சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எண். தொழில் நடத்துகிற யாரும் ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து ஆன்லைனில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். மாவு மில்லுக்கும் அதே மாதிரி எண்தான் கிடைக்கும், பாடத்திட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. நாடகத்தில் பட்டமே வேண்டும் என்பவர்கள் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியையும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தால் மூன்று வருடமும் உதவித்தொகையே கொடுக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு 48,000 போன பிறகு தெரிந்தது.

பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று கிளம்பியபோது இன்னொரு கதவு முகத்தில் அடித்தது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பாதியில் நின்றால் மீதி நாட்களுக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சந்தோஷமாகப் படித்துக்கொண்டே போனால், "பயிற்சி" என்பதற்கான விளக்கத்தில் விளையாட்டு, நடனம், நாடகம் சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீட் கோச்சிங்கில் ஏமாந்தால் பிடித்துக்கொள்ள ஒரு தாள் உண்டு. நாடகத்தில் ஏமாந்தவருக்கு அதுவும் இல்லை.

நுகர்வோர் சட்டம் இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தேன், புகார் எண் கொடுத்தார்கள், அந்த இடத்திலிருந்து பதிலே வரவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இ-ஜாக்ரிதி என்ற ஆன்லைன் தளம் வழியாக மனு. நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். விளம்பர நோட்டீஸ், ஜிபே பதிவு, வகுப்பு அட்டவணை என்று சார் அனுப்பிய வாட்ஸ்அப், அந்த வவுச்சர் படம், நான்கையும் வைத்திருக்கிறேன். பதினான்கு பேரில் என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட வந்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு பையனுக்கு சீரியலில் வாய்ப்பு வாங்கித் தருவதாக சார் சொல்லியிருக்கிறார், அவன் இன்னும் காத்திருக்கிறான். ஆரணிப் பெண் தன்னுடைய நான்கு வவுச்சரையும் நகலாவது கொடுங்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதினாள். அது "முகவரியாளர் வாங்க மறுப்பு" என்று திரும்பி வந்தது. அந்தக் கவரையும் பிரிக்காமல் ஆதாரத்தில் சேர்த்திருக்கிறோம்.

புது பேட்ச் வருகிற மாதம் தொடங்குகிறதாம், கட்டணம் இப்போது 55,000. போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போன சிநேகிதி ஃபிளெக்ஸைப் படம் எடுத்து அனுப்பினாள். நடுவில் சார் கைகூப்பி நிற்கிறார். ஓரத்தில் "எங்கள் மாணவக் கலைஞர்கள்" என்று வரிசையாக முகங்கள். மூன்றாவதாக, பால் கவர் கிரீடம் வைத்து வாயைப் பிளந்து நிற்பது நான். அந்த ஃபிளெக்ஸைப் பார்த்தால் கீழே இருக்கிற நம்பருக்குப் போன் செய்யாதீர்கள்.