செய்கூலி உண்டு, சேதாரம் இல்லை: ஒரு விலைக்கணக்கு விரிதாள்

மணிகளையும் வெள்ளிக் கம்பியையும் கொண்டு நகை செய்து விற்போருக்கென உருவாக்கப்பட்ட விலைக்கணக்கு விரிதாள் (ஸ்பிரெட்ஷீட்) ஒன்றை வாங்கி, மூன்று மாதங்களாக என் நகைகள் அனைத்துக்கும் அதைக் கொண்டே விலை வைத்துவருகிறேன். பொருட்செலவு, செய்கூலி, பொதுச்செலவு மூன்றையும் கூட்டினால் அடக்கவிலை. அதன் இரு மடங்கு மொத்த விலை. அதற்கும் இரு மடங்கு சில்லறை விலை என்று இத்தொழிலில் பலரும் கையாளும் கணக்கைத்தான் இதுவும் பின்பற்றுகிறது.

செய்கூலிப் பகுதிக்காகவே இதை வாங்கலாம். வேலை நேரத்தைக் குறிக்காமல் விட்டால் விலையே காட்டாது என்பதோடு, படமெடுத்தல், பொதிதல், வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுதல் ஆகியவற்றின் நேரத்தையும் தனித்தனியே கேட்கிறது. ஒரு ஜோடிக் கம்மலுக்கு இருபது நிமிடம் என்று நான் மனக்கணக்கில் வைத்திருந்தது, கடிகாரம் பார்த்துக் குறித்தபோது நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை என் உழைப்பில் பாதிக்கு மேல் இலவசமாகவே போயிருக்கிறது. பத்து ஜோடிகளை ஒன்றாகச் செய்தால் ஆயத்த நேரத்தைப் பத்தாகப் பிரித்துக்கொள்ளவும் அது அறிந்திருக்கிறது. சந்தையில் வெள்ளி விலை சொல்லப்படும் டிராய் அவுன்சைச் சாதாரண அவுன்சான 28.35 கிராமோடு குழப்பாமல், 31.1 கிராம் என்று சரியாகவே கொள்கிறது.

சேதாரத்துக்கு இடமே இல்லை என்பதுதான் வியப்பு. கம்பியின் வெட்டுத்துண்டுகள், துளை கோணலாக விழுந்த மணிகள், வளைக்கும்போது முறியும் கொக்கிகள் எல்லாம் நாம் விலை கொடுத்து வாங்கியவையே. வெள்ளித் துண்டுகளைச் சேர்த்து விற்றால் ஓரளவு பணம் திரும்பும். முலாம் பூசிய கம்பியின் துண்டோ குப்பைக்குத்தான் போகும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே விழுக்காட்டைப் போட்டு முடித்துவிட முடியாது, பொருளுக்கேற்ப வெவ்வேறு அளவு வேண்டும்.

இதைவிடப் பெரிய பிழை விற்பனைத் தளத்தின் கட்டணத்தைச் சேர்க்கும் முறையில் இருக்கிறது. கட்டணம் பத்து விழுக்காடு என்றால் விரிதாள் விலையோடு பத்து விழுக்காட்டைக் கூட்டுகிறது. ஆயிரம் என்பது ஆயிரத்து நூறாகிறது. ஆனால் தளம் தன் பங்கை எடுப்பது அந்த ஆயிரத்து நூறிலிருந்து. நூற்றுப் பத்து போக நம் கையில் நிற்பது 990 மட்டுமே. ஆயிரத்தை 0.9 ஆல் வகுத்து 1,111 என்று விலை வைத்தால்தான் முழு ஆயிரமும் கைக்கு வரும். ஒரு நகையில் பத்து போவது தெரியாது. கட்டணம் இருபது விழுக்காடானால் அதே கணக்கில் நாற்பது போகிறது.

இரண்டு மூன்று வடிவங்களை மட்டும் செய்பவருக்கு ஒரு குறிப்பேடே போதும். வடிவங்கள் இருபதைத் தாண்டியவருக்கு, இந்தக் குறைகளோடும் இது கொடுத்த காசுக்கு ஏற்றது. சூத்திரத்தைத் திருத்திச் சேதாரத்துக்கு ஒரு நெடுவரிசையை நானே சேர்த்துக்கொண்டேன். பூட்டிவைத்திருக்கும் கட்டங்களைத் திறக்கும் கடவுச்சொல்லைத்தான் விற்றவருக்கு இருமுறை எழுதிக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.