ஹெரால்டும் உப்புக் காற்றும்: பத்து வருடக் கணக்கு

2015-ல் கீழக்கரையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நின்ற வண்டியை 90,000 ரூபாய்க்கு வாங்கினேன். 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ரெண்டு கதவு கார். வீட்டில் சொன்ன கணக்கு மொத்தம் ரெண்டு லட்சம், ஒரு வருடம். வண்டி ரோட்டில் இறங்கியது 2019 தை மாதம், அதற்குள் கரைந்த பணம் ஆறே கால் லட்சம். அதன் பிறகு போனது தனி.

ஸ்போர்ட்ஸ் கார் ஆசையில்தான் இதை வாங்கினேன். ஹெரால்டு எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆகாது. என் ஆசை டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்கிற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் மேல்தான். ஆனால் 1962-ல் வந்த அந்த ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் சேஸை (அடிச்சட்டத்தை) குட்டையாக்கிச் செய்ததுதான், ரெண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி, எஞ்சினும் ஒரே குடும்பம். பானட்டை முழுசாக முன்பக்கம் கவிழ்த்துத் திறந்து, முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம், அந்த வசதியும் ரெண்டுக்கும் உண்டு. ஸ்பிட்ஃபயரை இந்தியாவில் தேடிப் பிடித்து வாங்க நம்மால் முடியாது. ஹெரால்டோ சென்னைப் பக்கம் பெருங்களத்தூரில் செய்த வண்டி, அறுபதுகளில் நம் ஊர் டாக்டர், வக்கீல் எல்லாரும் வைத்திருந்தார்கள். தங்கையைக் கேட்டுக் கிடைக்காமல் அக்காவைக் கட்டிக்கொண்ட கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். வேகத்தை எதிர்பார்த்து யாரும் இதை வாங்கக் கூடாது.

இதில் ஒரு நல்ல விஷயம், உடம்பு ஒற்றைக் கூடு கிடையாது. வழக்கமாக பாடி அடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், ரெண்டு வண்டியையும் உருவாக்கிய இங்கிலாந்து ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப்காரர்கள் தனித்தனித் துண்டுகளாகச் செய்து சேஸ் மேல் போல்ட்டு போட்டு மாட்டும்படி ஹெரால்டை அமைத்தார்கள். அதனால் ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் கழற்றி வேலை பார்க்கலாம் என்று நம்பித்தான் நானும் இறங்கினேன். கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, போல்ட்டும் நட்டும் சேஸும் துருவில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே இரும்பாகப் போயிருந்தன. கடலிலிருந்து முந்நூறு அடிகூட இல்லாத கொட்டகையில் பத்தொன்பது வருடம் நின்ற வண்டி, வேறென்ன ஆகும்? மேலே கறுப்பு அண்டர்கோட்டிங் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்தினேன், உள்ளே போய்விட்டது.

என் வீடு ராமேஸ்வரம் போகிற வழியில் உச்சிப்புளிப் பக்கம். வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடல் உப்பு வரும், வாடை அடித்தால் வடகடல் உப்பு வரும், இடைப்பட்ட நாளில்கூட ஜன்னல் கம்பியைத் தடவினால் கையில் பிசுபிசுப்பு. எந்த உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) காரர்கள் மண்டபத்தில் தகடுகளை வெளியில் மாட்டி வைத்துச் சோதித்த ஊர் இது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தியதற்கும் துருதான் பெரிய காரணம். 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் பெயிண்ட் என்று ஒன்றை அடித்திருக்கிறார்கள். அந்த டப்பாவில் மிச்சம் இருந்தால் எனக்குக் கொடுங்கள் என்று கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆக, பணம் போனது எங்கே என்றால் எஞ்சினுக்கு இல்லை. எஞ்சின் வேலை மொத்தமும் 72,000-ல் முடிந்தது. மதுரையில் போரிங், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் செய்து, ஹெட்டில் கெட்டியான வால்வு சீட்டும் அடித்துக் கொடுத்தார்கள். பழைய ஹெட்டு ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது, 2000-க்குப் பிறகு ஈயம் கிடையாது, இதைச் செய்யாமல் ஓட்டினால் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் இறங்கிவிடும். சேஸ், தரை, கதவின் அடிப்பகுதி என்று துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்ததற்கு மட்டும் 1,85,000. பெயிண்ட் 95,000, அதிலும் முதல் தடவை அடித்தவர் (ஊர் பேர் வேண்டாம்) துருவின் மேலேயே பட்டி வைத்து மூடியிருந்தார், எட்டு மாதத்தில் அப்பளம் மாதிரி பொரிந்துவிட்டது. சுரண்டி எடுத்து மறுபடியும் அடித்தது அந்த 95,000-க்குள் அடக்கம்.

தரை ஓட்டையாக இருந்த காலத்தில் ஃபைபர் படகு செய்கிற தம்பி ஒருவர் வந்து பார்த்தார். "எதுக்குண்ணே வெல்டிங்கு, ரெண்டு ஃபைபர் மேட்டு போட்டு ரெசின் ஊத்துனா முடிஞ்சுச்சு, உங்க ஆயுசுக்கும் தாங்கும்" என்றார். ஆறாயிரம் ரூபாயில் முடிந்திருக்கும், சபலம் வந்தது உண்மை. ஆனால் ஃபைபருக்கும் இரும்புக்கும் நடுவில் ஈரம் போய் உட்கார்ந்தால் வெளியே வர வழியில்லை, மேலே ஃபைபர் அழகாக இருக்க அடியில் இரும்பு மாவாகிவிடும். விசைப்படகு மெக்கானிக் ஒருவர் படகில் மாட்டுவதுபோல ஜிங்க் கட்டியை சேஸில் மாட்டச் சொன்னார். அந்த ஜிங்க் தண்ணீருக்குள் முழுகி இருந்தால்தான் இரும்புக்குப் பதிலாகத் தான் கரையும், காற்றில் ஓடுகிற காருக்குப் பிரயோஜனம் இல்லை. அவரே சொன்ன இன்னொரு யோசனை மட்டும் பலித்தது. மரப்படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயைச் சூடாக்கி, சேஸின் உள்பக்கம் ஓட்டை வழியாகப் பம்ப்பில் அடிக்கச் சொன்னார். அடித்தேன். ஆறு வருடமாக உள்பக்கம் துரு ஏறவில்லை. என்ன, ஒரு மாதத்துக்குத் தெருப் பூனை மொத்தமும் வண்டிக்கு அடியில்தான் குடியிருந்தது, என் மகள் வண்டியில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள்.

உதிரி பாகம் கிடைக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஸ்பிட்ஃபயர் 1980 வரைக்கும் வந்ததால் இங்கிலாந்தில் இன்னமும் பெரும்பாலான சாமான் புதுசாகவே கிடைக்கிறது. சாமான் விலை பெரிதில்லை, பார்சல் கூலியும் சுங்கமும் சேர்ந்ததும் கை நடுங்கும். எனக்கு ஆரம்பத்திலேயே 1,10,000 ஆனது. சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் நாலு நாள் அலைந்தும் சில சாமான் பிடித்தேன். கீழக்கரையில் லேத் வைத்திருக்கிற காக்கா (அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் புஷ், பின் மாதிரி சின்னச் சாமான்களைப் பழையதைப் பார்த்துக் கடைந்தே கொடுத்துவிட்டார், காசு வாங்கவே யோசிப்பார், "வண்டி ஓடுனா கீழக்கரைக்கு எடுத்துட்டு வாங்க, ஒரு ரவுண்டு போவோம், அது போதும்" என்பார்.

ஒரு சாமானைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதையாவது படியுங்கள். முன் சக்கரம் திரும்புவது அடியில் ட்ரனியன் என்கிற பித்தளைச் சாமானில், அது திருகு மாதிரி மரையில் சுற்றும். அதற்குள் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும், 90 நம்பர். கிரீஸ் கட்டியாகி வழியை அடைத்துவிடும், மரை காய்ந்துபோகும், உள்ளே துரு பிடித்து ஒருநாள் முறியும். நான் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் எல்லா நிப்பிளுக்கும் ஒரே கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. 2020 பிப்ரவரியில் ரயில்வே கேட்டைத் தாண்டித் திரும்பும்போது இடது முன் சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துவிட்டது. திரும்புகிற வேகம்தான், அதனால் யாருக்கும் ஒன்றுமில்லை. பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேல் அது நடந்திருந்தால் என்று இன்னமும் நினைக்கப் பிடிக்கவில்லை. ரெண்டு பக்கமும் மாற்ற 22,000, அதுவும் மார்ச்சில் ஊரடங்கு வந்து பார்சல் கைக்கு வர ஐந்து மாதம். இப்போது ஆயிலை நானேதான் ஊற்றுகிறேன்.

வருடச் செலவுக்கு வருவோம். சராசரியாக 35,000-லிருந்து 40,000 வரை. இதில் வெளியூர்க்காரர்களுக்கு வராத செலவு ஒன்று எனக்கு உண்டு, தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. முதல் வருடம் தெரியாமல் அதில்தான் வாரா வாரம் வண்டி கழுவினேன், உப்பைக் கழுவுகிறேன் என்று நினைத்து உப்பால் கழுவியிருக்கிறேன். இப்போது நல்ல தண்ணீர் விலைக்கு வாங்கித்தான் அடிப்பக்கம் அடிக்கிறோம். குடிக்கக் குடம் கணக்கில் தண்ணீர் வாங்குகிற ஊரில் காரைக் குளிப்பாட்டுவதைப் பார்த்து அம்மா திட்டாத வாரம் இல்லை, அவர் சொல்வதில் தப்பும் இல்லை. அதனால் மழை நாளில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்க ஏற்பாடு செய்தோம், அதற்கு ஆன 18,000-த்தை வண்டிக் கணக்கில் எழுதுவதா வீட்டுக் கணக்கில் எழுதுவதா என்று இன்னும் தீரவில்லை.

கவர் போடாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்புத் தூள் தானாக நீரை இழுத்துக் கரைந்துவிடும், கவருக்குள் அந்த ஈரம் காயவே காயாது. தகரக் கொட்டகையும் வேண்டாம், விடியற்காலையில் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். நான் பனை ஓலைக் கொட்டகை போட்டேன், காற்று புகுந்து வெளியேறுகிற மாதிரி. ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓலை மாற்றினால் போதும்.

பெட்ரோலும் இப்போது ஒரு தலைவலி. 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவது பழைய ரப்பரைத் தின்கிறது, நம் ஊர்க் காற்றில் ஈரத்தையும் இழுக்கிறது. பைப்பையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றினேன், 3,200. மாதக்கணக்கில் நிறுத்தினால் கார்புரேட்டருக்குள் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது, அதனால் வாரம் ஒருமுறையாவது ஓட்டியே ஆக வேண்டும். மைலேஜ் 13.

காகிதம்: ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது, கட்டணம் 20,000. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்று சில காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். நான் ஞாயிற்றுக்கிழமை பரோட்டா வாங்கப் போகிற ஆள், அதனால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வருகிறேன். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2022-ல் 5,000 ஆக்கினார்கள், 2025-ல் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள்.

ஓட்டுவதற்கு எப்படி? ஸ்டியரிங் அவ்வளவு லேசு, 25 அடிக்குள் முழு வட்டம் அடித்துவிடும், ராமேஸ்வரம் சந்துக்குள் எந்தப் புது வண்டியும் கிட்ட வர முடியாது. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் பின் சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும், அதன் ஆக்சில் அமைப்பு அப்படி. 60-ல் போனால் சொர்க்கம், 80-ல் பேச்சுக் கேட்காது. இதுவரை 9,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போனது நாலே தடவை. 2017-ல் ரோடு திறந்தபோது அங்கே போவதற்காகத்தான் இந்த வண்டி என்று சொல்லித் திரிந்தேன், ஆனால் ரெண்டு பக்கமும் கடல் தெறிக்கிற அந்த ரோட்டில் ஒருநாள் போய்வந்தால் ஒரு டேங்கர் தண்ணீர் வாங்க வேண்டும்.

ஆக மொத்தம் இன்று வரைக்கும் சுமார் ஒன்பது லட்சம். போன மாதம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நாலு லட்சத்துக்குக் கேட்டார். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவங்க குடுக்க மாட்டாங்கண்ணே, நீங்க டீயைக் குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். புதிதாக இறங்குகிறவர்கள் பரமக்குடி, மானாமதுரை, அதற்கும் மேற்கே நின்ற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், விலை ரெண்டு மடங்கு சொன்னாலும் கொடுங்கள். கடலோரத்தில் மலிவாகக் கிடைத்தால் யாரிடமாவது கைமாற்றி விடுங்கள், நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாடை இறங்கி மூன்று வாரம் ஆகிறது. நேற்றுத் துடைக்கும்போது டிரைவர் கதவின் அடி ஓரத்தில் பெயிண்டில் கடுகளவு ஒரு குமிழ். இன்னும் குத்திப் பார்க்கவில்லை. பொங்கல் கழியட்டும்.