ஸ்கோப் வரிசையில் 47 நாள்

ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். அண்ணா இன்னும் அங்கேதான் போய் வருகிறார், வம்பை விலைக்கு வாங்க எனக்கு ஆசையில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஓர் அரசு மருத்துவமனை, அதற்கு முன்னால் சாட்ஸ்வர்த்தில் ஒரு கிளினிக், அவ்வளவு தெரிந்தால் போதும். வீட்டில் யாருக்காவது சாப்பாடு தொண்டையில் நிற்கிறது என்றால் இதைப் படியுங்கள். மற்றவர்களுக்கு இது கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அண்ணாவுக்கு 71 வயது. சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருட சிகரெட். தேநீர் அடுப்பிலிருந்து இறங்கியதும் தொண்டைக்குப் போக வேண்டும், கொஞ்சம் ஆறினாலும் "கழுநீர்" என்று தள்ளிவிடுவார்.

போன புரட்டாசியில் தொடங்கியது. எங்கள் வீடுகளில் அந்த மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாது என்பதால், அவர் குறைவாகச் சாப்பிட்டதை யாரும் கவனிக்கவில்லை. விரதம் முடிந்து மட்டன் பிரியாணி வைத்த அன்று, நாலாவது வாயில் எழுந்து பின்வாசலுக்குப் போய்த் துப்பினார். "எலும்பு மாட்டிக்கிச்சு, தங்கச்சி" என்றார். தட்டில் எலும்பே இல்லை.

கிளினிக்குக்கு என் மதிப்பெண் ஐந்துக்குப் பூஜ்யம். நெஞ்செரிச்சல் என்று ஒரு வெள்ளை மருந்து கொடுத்தார்கள். மறுபடி போனோம், மறுபடி அதே பாட்டில். இதற்குள் ரொட்டி நின்றது, அப்புறம் சோறு, அப்புறம் பருப்பில் ஊறிய சோறும் நின்றது. முதலில் கெட்டியானது, பிறகு குழைந்தது, கடைசியில் தண்ணீர் என்று இந்த வரிசையில் அடைத்துக்கொண்டு வந்தாலே உணவுக்குழாயைச் சந்தேகப்பட வேண்டும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நெஞ்செரிச்சல் இப்படிப் படி வைத்து இறங்காது. எடை 11 கிலோ குறைந்திருந்தது. மூன்றாம் முறை ஜனவரிக் கடைசியில் போனபோது, படிப்பு முடித்துக் கட்டாய சேவை ஆண்டில் இருக்கும் ஒரு இளம் டாக்டர் இருந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "எது எது உள்ளே போகுது?" ஐந்தே நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிவிட்டாள். பூஜ்யம் அவளுக்கு இல்லை.

கடிதம் கையில் வந்த நாளிலிருந்து ஸ்கோப் (வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு உள்ளே பார்ப்பது) போட்ட நாள் வரை 47 நாள். கோயிலில் கொடுத்த காலண்டரில் ஒவ்வொரு கட்டமாக நானே கோடு போட்டேன். அதற்குள் காவடி வந்து போனது. அண்ணா வீட்டில் படுத்துக்கொண்டு மீலி மாவில், அதாவது மக்காச்சோள மாவில், புளித்த கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஸ்கோப் அறைக்குள் போன பிறகு குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தொண்டை மரக்க ஸ்பிரே, கையில் ஒரு ஊசி, இருபது நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டார். டாக்டர் பிறகு என்னை உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். உள்ளே அயோடின் தெளித்துப் பார்த்தாராம். நல்ல தோலில் சர்க்கரைச் சத்து இருப்பதால் அது அயோடினைப் பிடித்துக் கரும்பழுப்பாகிவிடும், கெட்டுப்போன இடம் மட்டும் வெளுத்தே இருக்கும். கட்டி கண்ணுக்கே தெரிந்தது. அயோடின் காட்டியது அதைச் சுற்றி அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை. பக்கத்தில் ஆறு இடத்தில் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது: உணவுக்குழாயின் உள்தோலில் வரும் செதிள் செல் வகைப் புற்றுநோய்.

காத்திருந்த பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்து, பழைய டிரான்ஸ்கெய் பக்கத்து அம்மா ஒருத்தி இருந்தாள். அவளுடைய அக்கா, மாமியார், இப்போது அவள். அந்தப் பகுதியில் இந்த நோய் அதிகம் என்பது டாக்டர்களுக்குப் பல காலமாகத் தெரியும். பூஞ்சை பிடித்த சோளத்தில் என்ன இருக்கிறது என்று தேடியபோதுதான் 1988இல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஃப்யூமோனிசின் என்ற நச்சைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் காரணம் என்று இன்னும் உறுதியாக நிரூபிக்கவில்லை. புகையிலை, மது, சத்துக்குறைவு எல்லாம் அங்கே சேர்ந்தே கிடக்கின்றன. அந்த அம்மாவுக்குக் கட்டி முற்றிவிட்டதால் விழுங்க வசதியாக உலோக வலையில் செய்த ஸ்டென்ட் மட்டும் வைத்தார்கள். குழாய்க்குள் போய் அது தானே விரிந்துகொள்ளும். மறுநாளே கூழ் குடித்தாள். தென்னாப்பிரிக்காவில் நிறைய பேருக்குக் கிடைக்கும் வைத்தியம் அதுவரைதான், ஏனென்றால் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். ஏன் முற்றிய பிறகு வருகிறார்கள் என்று என் காலண்டரைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை, சமையலறை வெப்பமானி ஒன்று வாங்கி அண்ணாவின் டம்ளரில் வைத்துப் பார்த்தது. 74 டிகிரி. 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் சொன்னது. ஈரானின் கோலஸ்தானில் ஐம்பதாயிரம் பேரைப் பல வருடம் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 60 டிகிரிக்கு மேல் சூடாக ஒரு நாளைக்கு 700 மில்லிக்கு மேல் தேநீர் குடித்தவர்களுக்கு ஆபத்து 90 சதவீதம் கூடுதல். அண்ணா விஷயத்தில் தேநீரா சிகரெட்டா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வெப்பமானியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இனிமே டீக்கும் காய்ச்சல் பார்ப்பியா?"

(இங்கிலாந்தில் நூலில் கட்டிய மாத்திரையை விழுங்கவைத்து, அது வயிற்றில் கரைந்து பஞ்சாக விரிந்ததும் நூலைப் பிடித்து மேலே இழுத்து செல்களை எடுக்கிறார்களாம். 13,000 பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு. என் மருமகன் அனுப்பிவைத்தான். நல்ல யோசனைதான், ஆனால் அது அமிலம் மேலே வந்து வந்து குழாயின் கீழ்ப்பகுதி மாறிப்போகும் இன்னொரு வகைக்கு. அண்ணாவுடையது அது இல்லை. புதிது என்று வாட்ஸாப்பில் வருவதெல்லாம் நமக்கானது இல்லை.)

சிகிச்சை: ஐந்து வாரம், 23 தடவை கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற இரண்டு மருந்து. இது எங்கிருந்து வந்த கணக்கு என்று கேட்டேன். நெதர்லாந்தில் நடந்த கிராஸ் என்ற ஆய்விலிருந்து. முதலில் இப்படிக் கொடுத்துவிட்டு அறுவை செய்தவர்களில் பாதிப் பேர் 49 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், நேராக அறுவைக்குப் போனவர்களில் பாதிப் பேர் 24 மாதம்தான் தாண்டினார்கள் என்று 2012இல் வெளியிட்டார்கள். அண்ணாவின் வகையில், அறுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கட்டியே மிச்சமில்லையாம். 1652இல் இங்கே கப்பலில் வந்து இறங்கிய அதே டச்சுக்காரர்கள். இந்த முறை நல்லதைக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். டாக்டர் சிரித்தார், அவரும் அந்த வழி வந்தவர்தான்.

கதிர்வீச்சுப் பிரிவுக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் ஏன் போனது என்றால் லிஃப்ட். இரண்டு வாரம் ஓடவில்லை, எடை குறைந்த மனிதரை மாடிப்படியில் ஏற்றினோம். மருந்து ஏற்றும் அறை குளிரும், போர்வை கொண்டுபோங்கள். மூன்றாம் வாரம் குழாய் புண்ணாகி எச்சில்கூட இறங்கவில்லை. இது வரும், போகும் என்று முதல் நாளே சிஸ்டர் சொல்லியிருந்ததால் நாங்கள் பயப்படவில்லை. அவர் அண்ணாவை "பாபா" என்றுதான் கூப்பிடுவார். ஜூலு மொழியில் விழுங்குவதற்கு உள்ள சொல்லிலிருந்துதான் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான அமக்வின்யாவுக்குப் பெயரே வந்தது. "பாபா, எப்போ அமக்வின்யா சாப்பிடப்போறீங்க?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றிய கூழ் ஒரு சொம்பு தடையில்லாமல் இறங்கியது.

ஆராய்ச்சிப் பிரிவுக்கு முழு மதிப்பெண். அண்ணாவின் ரத்தத்தையும் கட்டியின் துணுக்கையும் ஓர் ஆய்வுக்குக் கேட்டார்கள். ஒப்புதல் படிவம் எட்டுப் பக்கம், இங்கிலீஷிலும் ஜூலுவிலும். அண்ணாவுக்கு இரண்டும் தெரியும், ஆனால் பயம் வந்தால் தமிழில்தான் யோசிப்பார். படிவம் கொண்டுவந்த பெண் அவசரப்படுத்தவில்லை. நான் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லும்வரை பேனாவை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னை எலி ஆக்குறாங்களா?" என்று அண்ணா கேட்டார். வேண்டாம் என்றால் வேண்டாம், வைத்தியத்தில் ஒரு மாற்றமும் இருக்காது, கையெழுத்துப் போட்ட பிறகும் விலகலாம் என்று அவளே இரண்டு முறை சொன்னாள். ஒரு நாள் யோசித்துவிட்டுப் போட்டார்.

சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ஸ்கோப். பயாப்சியில் ஒன்றும் இல்லை. இனி அறுவையா? உணவுக்குழாயை எடுத்துவிட்டு வயிற்றைக் குழாயாக்கி மேலே இழுத்துத் தைப்பது. அண்ணாவின் நுரையீரலுக்கு அது பெரிய வேலை. அவரோ "கத்தி வேணாம்" என்பதிலேயே நின்றார். அப்போதுதான் டாக்டர் இன்னொரு டச்சு ஆய்வைச் சொன்னார், சானோ என்று பெயர், 2025இல் வந்தது. சிகிச்சைக்குப் பிறகு கட்டி தெரியாதவர்களை உடனே அறுக்காமல் கவனித்து வந்தார்கள். இரண்டு ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் கவனித்த பக்கம் 74 சதவீதம், அறுத்த பக்கம் 71. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கவனித்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அதே இடத்தில் கட்டி திரும்ப முளைத்தது. முளைத்ததை நேரத்தில் கண்டுபிடித்ததால்தான் அறுத்து எடுக்க முடிந்தது.

அங்கேதான் எனக்கு உதைக்கிறது. அந்த டச்சு ஆய்வில் சொன்ன தேதியில் ஸ்கோப் போட்டார்கள். எங்களுக்கு முதல் ஸ்கோப்புக்கே 47 நாள். சும்மா இருப்பதும் கவனிப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். இதை டாக்டரிடமே சொன்னேன். கோபப்படவில்லை. "நீங்கள் சொல்வது சரி, அம்மா. அறுவை வேண்டாம் என்பது அவர் முடிவு, தேதி என் பொறுப்பு" என்று சொல்லி, வரிசைக்கு விடாமல் தன் கையாலேயே சீட்டு எழுதினார்: டிசம்பர் 9, காலை 7 மணி.

இப்போது மறுபடி புரட்டாசி. அண்ணா ரொட்டியைப் பருப்பில் தோய்த்துச் சாப்பிடுகிறார். சிஸ்டருக்குக் கொடுத்த வாக்குக்காக ஒரு அமக்வின்யாவைப் பாதி தின்றார், மீதியைத் தேநீரில் நனைத்து. தேநீர் 58 டிகிரி, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தார். சீட்டு காலண்டரில் குத்தியிருக்கிறது. டிசம்பர் 9 அன்று உண்மையிலேயே கூப்பிட்டால் வந்து மதிப்பெண்ணைத் திருத்துகிறேன். அதுவரை ஆஸ்பத்திரிக்கு ஐந்துக்கு மூன்று.