திரவமா, ரப்பரா, ஜெல்லா? ஆண்டெனா சோதனைக்கு எந்தப் போலித் தசை

உடலில் ஒட்டும் சென்சாரின் ஆண்டெனாவை வெறும் காற்றில் மட்டும் சோதித்தால் பாதி வேலைகூட முடிந்ததாகாது. புளூடூத் இயங்கும் 2.45 கிகாஹெர்ட்ஸில் தசையின் ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் ஒரு பொருள் மின்புல ஆற்றலை எத்தனை மடங்கு தேக்கும் என்ற எண்) சுமார் 53, மின்கடத்துதிறன் மீட்டருக்கு சுமார் 1.7 சீமென்ஸ். தசை பக்கத்தில் வந்ததுமே ஆண்டெனா நன்றாக வேலை செய்யும் அதிர்வெண், அதாவது ஒத்ததிர்வு, கீழே இறங்கும். ஆற்றலில் ஒரு பங்கு உடலிலேயே வெப்பமாகப் போய்விடும். ஆகவே இந்த இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் எட்டுகிற போலித் தசை வேண்டும். அங்கேதான் சிக்கல்.

திரவம் செய்வது சுலபம். அறை வெப்பத்தில் தண்ணீரின் விடுதிறன் 78-ஐ ஒட்டி இருக்கும். சர்க்கரை அதை இறக்கும், உப்பு கடத்துதிறனை ஏற்றும். ஆனால் 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் சர்க்கரையே கடத்துதிறனை அளவுக்கு மீறி ஏற்றிவிடும் என்பதால் கிளைகால் (glycol) வகைச் சேர்மங்களுக்கு மாற வேண்டியிருக்கும். கைபேசியின் கதிர்வீச்சை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கத் திரவமே சரி. தலை வடிவ ஓட்டுக்குள் அதை ஊற்றிவைத்து, ரோபோ கை அளவியை உள்ளே விட்டுப் புள்ளி புள்ளியாக நகர்த்தும். கெட்டிப் பொருளில் அதற்கு வழியில்லை. அதேபோல, திரவத்தில் தோல், கொழுப்பு, தசை என்று அடுக்கு கட்டவும் வழியில்லை.

கார்பன் தூள் கலந்த சிலிக்கோன் ரப்பர் காயாது, அழுகாது, நெடுநாள் உழைக்கும். தசைக்கு மட்டும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விடுதிறனை 53 வரை ஏற்றக் கார்பனைக் கொட்ட வேண்டும். துகள்கள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்ததும் கடத்துதிறன் சடாரென எகிறும், ரப்பரும் விறைத்துப்போகும். விடுதிறனை அளக்கும் கருவியின் முனை ரப்பர்மேல் சரியாகப் படியாமல் மெல்லிய காற்றிடைவெளி நின்றால், விடுதிறன் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஒரே ஆண்டெனாவின் பல வடிவங்களை மாதக்கணக்கில் ஒப்பிட மட்டும் ரப்பர் நல்ல துணை.

உடலில் அணியும் கருவிகளுக்கு என் தேர்வு ஜெல்தான். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார், விலங்குப் புரதமான ஜெலட்டின் இரண்டில் அகார் மேல்: ஒருமுறை உறைந்தால் 85 டிகிரியை நெருங்கும்வரை உருகாது. ஜெலட்டினோ 35 டிகிரியிலேயே இளகிவிடும். கொழுப்பு அடுக்குக்கு மட்டும் ஜெலட்டின் தேவைப்படும். கொழுப்பின் விடுதிறன் 5 சொச்சம்தான். ஜெலட்டின் கரைசலில் சோப்புக் கரைசல் சேர்த்து நிறைய எண்ணெயைக் குழைத்தால் அந்தப் பக்கம் இறங்கலாம். நுரை கட்டாமல் நிதானமாகக் கிளற வேண்டும், குமிழி ஒவ்வொன்றும் விடுதிறனைக் குறைக்கும்.

ஜெல்லுக்கு எதிரி உலர்வு. மேற்பரப்புதான் முதலில் காயும். ஆண்டெனா உட்காருவதும் அதே இடத்தில்தான். அதனால் உறைந்ததுமே பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். அப்புறம், ஆண்டெனா சோதனை நடக்கும் அன்றே, அதே அறை வெப்பத்தில், நடுவிலும் ஓரங்களிலும் விடுதிறனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்து எண் நடு எண்ணைவிடத் தெளிவாக இறங்கியிருந்தால் அந்தக் கட்டியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.